பாரிஸில் ஒரு நாளைக்கு எவ்வளவு? டிக்கட் எடுக்க முதல் கேட்க வேண்டிய கேள்வி



நம் ஊர்களில் ஐரோப்பாப் பயணம் பற்றிய பேச்சு இப்போது கூடியிருக்கிறது. உம்ராவும் டுபாயும் போய் வந்தவர்கள் அடுத்து பாரிஸ் என்கிறார்கள். அங்கே சகோதரனோ மச்சானோ ராத்தாவோ இருக்கிற குடும்பங்கள் பிள்ளைகளின் விடுமுறைக்கு ஒருமுறை போய் வர ஆசைப்படுகிறார்கள். ஆசைப்படுவதில் பிழையில்லை. பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்றுதான் மார்க்கமும் சொல்கிறது.

விசாப் படிவம் நிரப்ப, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத ஆசிரியர்களைத் தேடி வருவது நம் ஊர் வழக்கம். அப்படி வருகிறவர்களிடம் நாங்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "அங்கே ஒரு நாளைக்கு எவ்வளவு முடியும்?" விமான டிக்கட்டின் விலையை ரூபா சதத்தோடு சொல்கிறவர்கள்கூட இந்தக் கேள்விக்குத் தடுமாறுகிறார்கள். அதிகமாக வரும் பதில் இதுதான்: "அங்கே மச்சான் இருக்கிறார்தானே சேர், நமக்கு என்ன செலவு?"

இந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தப் பதிவு. மச்சான் இருக்கிறார் என்பது ஒரு கணக்கல்ல. நாம் எழுதாமல் விட்ட கணக்கை அங்கே ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார் என்பதுதான் அதன் அர்த்தம்.

முதலில், பிரான்ஸ் அரசாங்கமே நாள் கணக்கில்தான் கேட்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். ஹோட்டல் பதிவு எதுவும் காட்டாமல் போகிறவர் ஒரு நாளைக்கு 120 யூரோ கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். ஹோட்டல் பதிவு இருந்தால் 65 யூரோ. உறவினர் வீட்டில் தங்குவதாக அங்குள்ள நகரசபை உறுதிப்படுத்திய கடிதம் இருந்தால் 32.50 யூரோ. ஒரு யூரோவை 360 ரூபா என்று வைத்துக்கொண்டால் முறையே 43,200, 23,400, 11,700 ரூபா. இவை ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு. உறவினர் வீட்டில் தங்கினாலும் செலவு பூச்சியம் என்று அவர்கள் எழுதவில்லை. நாம்தான் எழுதுகிறோம்.

அந்த நகரசபைக் கடிதம் எப்படிக் கிடைக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மச்சான் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும். வீட்டு ஒப்பந்தம், சம்பளத் துண்டு எல்லாம் காட்ட வேண்டும். இத்தனை பேரைத் தங்க வைக்க வீட்டில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 30 யூரோ முத்திரைக் கட்டணம் அவர் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வருகிறவர்கள் செலவுக்கு வழியில்லாமல் நின்றால் அந்தச் செலவைத் தான் ஏற்பதாக அவர் எழுத்தில் பொறுப்பெடுக்கிறார். அதாவது நமக்காக ஒருவர் அரசாங்கத்திடம் கையெழுத்துப் போடுகிறார். இது அமானிதம். இதைச் சாதாரண அழைப்பிதழ் போல நினைக்கக் கூடாது.

இன்னொரு விடயத்தையும் பேசாமல் விட முடியாது. பேங்க் ஸ்டேட்மென்டில் தொகை தெரிய வேண்டும் என்று ஒருவரிடம் கைமாற்றாகக் காசு வாங்கிப் போட்டு, விசா வந்ததும் எடுத்துக் கொடுப்பது. "எல்லாரும் செய்யிறதுதானே" என்கிறார்கள். எல்லோரும் செய்வதால் பொய் உண்மையாகிவிடாது. மார்க்கப் பக்கத்தை விட்டுவிட்டு நடைமுறையை மட்டும் பார்த்தாலும், அந்தக் காசு நம்முடன் விமானம் ஏறுவதில்லை. பாரிஸில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் ஸ்டேட்மென்டை நீட்ட முடியாது.

சரி, உண்மையில் எவ்வளவு வேண்டும்? தாய், தகப்பன், 14 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஏழு நாள் என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம்.

தங்குமிடம்: பாரிஸ் நகருக்குள் நான்கு பேருக்கு சுமாரான அறை 150 யூரோவுக்குக் குறைய எடுப்பது கஷ்டம். ஓர் இரவுக்கு 54,000 ரூபா. இதற்கு மேல் ஆளுக்கு, இரவுக்கு என்று உல்லாசப் பயண வரி ஒன்று உண்டு. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது இல்லை. நகருக்கு வெளியே சென்-டெனி, போபிஞ்ஞி, லா கூர்நெவ் போன்ற பக்கங்களில் அறை விலை குறையும். தூரத்தில் தங்கினால் பயணச் செலவு கூடாதா என்று கேட்பீர்கள். வாராந்த பாஸ் எடுத்தால் கூடாது. அது எப்படி என்று பார்ப்போம்.

போக்குவரத்து: பாரிஸில் நவிகோ என்று ஒரு பாஸ் இருக்கிறது. 2025இல் வாராந்த பாஸின் விலை 31.60 யூரோ. மெட்ரோ, பஸ், டிராம், புறநகர் ரயில் எல்லாவற்றிலும் அதே பாஸ். விமான நிலையத்துக்கும் அதே பாஸ். அட்டைக்கு ஒரு தடவை 5 யூரோ, ஒரு சிறிய போட்டோவும் வேண்டும். ஊரிலிருந்தே போட்டோவைக் கொண்டு போங்கள்.

பாஸ் எடுக்காமல் போனால்? 2025இல் மெட்ரோ, ரயில் டிக்கட் ஒன்று 2.50 யூரோ. அதாவது 900 ரூபா. விமான நிலைய டிக்கட் 13 யூரோ. நான்கு பேர் விமான நிலையத்திலிருந்து நகருக்கு வந்து திரும்பிப் போக மட்டும் 104 யூரோ. நான்கு பேருக்கும் ஒரு வாரப் பாஸ் 126.40 யூரோ. வித்தியாசம் 22 யூரோதான். அந்த 22 யூரோவுக்கு ஒரு வாரம் முழுக்க ஓடித் திரியலாம். இந்த விலைகள் வருடாவருடம் சில்லறையாக ஏறும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்த வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும். நாம் எடுத்த நாளிலிருந்து ஏழு நாள் அல்ல. வெள்ளிக்கிழமை போய் இறங்குகிறவருக்கு அந்த வாரப் பாஸை விற்கவே மாட்டார்கள், அடுத்த வாரத்துக்குத்தான் தருவார்கள். ஆகவே திங்கள் இறங்கி ஞாயிறு ஏறுகிற மாதிரி விமான டிக்கட் எடுத்தால் ஒரே பாஸில் வேலை முடியும். இரண்டாயிரம் ரூபா குறைவு என்று சனிக்கிழமை டிக்கட் எடுத்துவிட்டு அங்கே போய் அதைப் போலப் பல மடங்கு கட்டுவது இதனால்தான். நாட்செலவுக் கணக்கை விமான டிக்கட்டுக்கு முன்னால் போடுங்கள் என்று நாங்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

சாப்பாடு: காலைக்கு பாண், முட்டை, பால், பழம் சுப்பர் மார்க்கெட்டில் வாங்கினால் நான்கு பேருக்கு 10 யூரோ. பகலுக்கு நாமே செய்து கட்டிக்கொண்டு போனால் 15 யூரோ. இரவு ஹலால் கடையில் ஆளுக்கு 10 யூரோ என்று 40. மொத்தம் 65 யூரோ. பாரிஸில் ஹலால் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. பெல்வில், பார்பெஸ் பக்கங்களில் தெருவுக்குத் தெரு கடை. லா ஷப்பல் பக்கம் போனால் நம் நாட்டுத் தமிழர்களின் கடைகளில் கொத்தும் இடியப்பமும் கிடைக்கும். மொழி நம்முடையது என்பதற்காக இறைச்சியும் ஹலால் என்று எடுத்துக்கொள்ளாமல் கேட்டுச் சாப்பிடுங்கள். பொதியில் வாங்குகிற சாமான்களில் போர்க், ஜாம்போன், லார்டோன், ஜெலட்டின் ஆகிய சொற்களைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள். அவர்கள் நம்மைவிட வேகமாகப் பிடிப்பார்கள்.

தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். உணவகத்தில் "கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வைப்பார்கள், அது அங்கே சட்டம். தெருவிலும் பூங்காவிலும் 1,200க்கும் மேற்பட்ட குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. ஆளுக்கொரு வெற்றுப் போத்தல் போதும். தெரு ஓரங்களில் உள்ள சாம்பல் நிறப் பொதுக் கழிப்பறைகளும் இலவசம். அங்கே நமக்குப் பழக்கமான குழாய் இருக்காது, அதற்கும் போத்தல்தான் உதவும்.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். நமக்கு வருடம் முழுக்க ஆறு, ஆறரைக்கு மஃரிப். பாரிஸில் ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு 10 மணியாகும். பிள்ளைகள் அவ்வளவு நேரமும் விழித்திருப்பார்கள், நான்காம் தடவையும் பசிக்கும். டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே இருட்டிவிடும். குளிருக்குப் பயந்து கூரைக்குக் கீழே, அதாவது காசு கட்டும் இடங்களுக்குள் போக வேண்டி வரும். இரண்டுக்கும் ஒரே தொகை சரிவராது.

நுழைவுச் சீட்டு: லூவர் அருங்காட்சியகம் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியே இருந்து வருகிற பெரியவர்களுக்கு 32 யூரோ ஆக்கியிருக்கிறது. கணவன், மனைவி இருவருக்கும் 64 யூரோ, 23,040 ரூபா. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். இது அநியாயம் என்று சிலருக்குக் கோபம் வரும். சீகிரியாவில் வெளிநாட்டவருக்கு டொலரில் ஒரு விலையும் நமக்கு ரூபாவில் ஒரு விலையும் இருப்பதை நினைத்தால் கோபம் ஆறிவிடும். செவ்வாய்க்கிழமை லூவர் மூடப்பட்டிருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காசில்லாமல் பார்க்க நிறைய இருக்கிறது. பாரிஸ் நகரின் வரலாற்றைச் சொல்லும் கார்னவாலே அருங்காட்சியகம், பெத்தி பலே ஆகிய இரண்டிலும் நிரந்தரக் காட்சிகள் இலவசம். லுக்ஸம்பர்க், துய்லெரி பூங்காக்கள் இலவசம். ஈபிள் கோபுரத்தில் ஏறத்தான் காசு, ட்ரோக்காடெரோவில் நின்று பார்க்கக் காசில்லை. முதலாம் உலக மகா யுத்தத்தில் பிரான்ஸுக்காக உயிர்விட்ட முஸ்லிம் வீரர்களின் நினைவாக எழுப்பி 1926இல் திறந்த பாரிஸ் பெரிய பள்ளிவாசலில் ஒரு ஜும்ஆத் தொழுதுவிட்டு வாருங்கள். பிள்ளைகளுக்கு அது எந்த அருங்காட்சியகத்துக்கும் குறையாத பாடம். லூவர், ஒரு படகுச் சவாரி, இன்னும் ஒன்றிரண்டு என்று வைத்தால் வாரம் 150 யூரோவுக்குள் முடிக்கலாம்.

இப்போது கூட்டுவோம். ஒரு நாளைக்கு, நான்கு பேருக்கு:

தங்குமிடம் 150 யூரோ
போக்குவரத்து (பாஸும் அட்டையும் ஏழு நாளுக்குப் பிரித்து) 21 யூரோ
சாப்பாடு 65 யூரோ
நுழைவுச் சீட்டு 21 யூரோ
சில்லறைச் செலவு 15 யூரோ

மொத்தம் 272. அவசரத்துக்கு 10 வீதம் சேர்த்தால் 299. சுமார் 300 யூரோ, 108,000 ரூபா. ஏழு நாளுக்கு 756,000 ரூபா. இதில் விமான டிக்கட் இல்லை. விசாவும் இல்லை. விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. 6 வயது முதல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் பாதி. நமது கணக்கில் உள்ள நான்கு பேருக்கும் 360 யூரோ, 129,600 ரூபா. விசா மறுக்கப்பட்டால் இந்தக் காசு திரும்பி வராது. 30,000 யூரோ வரைக்கும் ஈடு தரும் காப்புறுதியும் கட்டாயம்.

ஒரு நாளைக்கு 108,000 என்பது நம்மில் பலருக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். வசதியுள்ளவர்கள் போகட்டும், அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஆனால் நகையை அடகு வைத்தும் சீட்டை முன்கூட்டி எடுத்தும் போகிறவர்கள் இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, மனைவி பிள்ளைகளோடு உட்கார்ந்து மஷூரா செய்த பிறகு முடிவெடுங்கள். எண் கூடிப்போனால் நாட்களைக் குறையுங்கள். ஏழு நாள் வேண்டாம், நான்கு நாள் போதும். அல்லது அடுத்த வருடம். கடனைக் கூட்டி நாட்களைக் காப்பாற்றுவது புத்தியல்ல.

இனி மச்சான் வீட்டுக் கணக்கு. தங்குமிடத்தை வெட்டினால் 122 யூரோ மிஞ்சும். 10 வீதம் சேர்த்தால் 134. இதில் சாப்பாட்டுக் காசை நாங்கள் வெட்டவில்லை, கவனியுங்கள். அங்கேயும் நாம்தான் சாப்பிடப் போகிறோம். இதற்குமேல் ஒரு வரி எழுதச் சொல்கிறோம்: வீட்டுக்காரர் பங்கு, நாளைக்கு 40 யூரோ. மொத்தம் சுமார் 175 யூரோ, 63,000 ரூபா. ஏழு நாளுக்கு 441,000 ரூபா. "சும்மா" தங்குவதன் உண்மையான விலை இது.

ஏன் 40? பாரிஸ் வீடுகள் நம் ஊர் வீடுகள் போல விறாந்தையும் முற்றமும் உள்ளவை அல்ல. இரண்டு அறை வீட்டில் ஒரு குடும்பமே நெருக்கிக்கொண்டு இருக்கும். நாம் போனால் பிள்ளைகளின் கட்டில் நமக்கு வரும், பிள்ளைகள் தரையில் படுப்பார்கள். மச்சான் உணவகச் சமையலறையில் நடுச்சாமம் வரை நின்றுவிட்டு வருவார். காலையில் நமக்குக் கோபுரம் காட்ட லீவு போடுவார், அந்த நாட்சம்பளம் போகும். மாமியாரோ மருமகளோ ஐந்து பேருக்குச் சமைத்த அடுப்பில் ஒன்பது பேருக்குச் சமைப்பார். எதையும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். சொல்லாததால் செலவில்லை என்று ஆகிவிடாது. விருந்தாளியின் உரிமை மூன்று நாள் என்றும், வீட்டுக்காரருக்குச் சிரமம் வரும் வரை தங்கக் கூடாது என்றும் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். விருந்தோம்பலின் சிறப்பைப் பயான்களில் கேட்கிறோம். விருந்தாளியின் எல்லையை அந்தளவுக்குக் கேட்பதில்லை.

காசாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். அரிசி மூடை ஒன்று வாங்கி வையுங்கள். ஹலால் கடையில் இறைச்சி வாங்கிக்கொண்டு போய் ஒரு நாள் நீங்கள் சமையுங்கள். ஒரு இரவு வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வெளியே சாப்பிடுங்கள், காசை நீங்கள் கட்டுங்கள். வரும்போது பிள்ளைகளின் கையில் ஹதியாவாக ஏதும் வையுங்கள். மூன்று நாள் அவர்களோடு, மிகுதி நாள் மலிவான அறையில் என்று பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது. போகும்போது கட்டிப்பிடித்து வரவேற்று, வந்த பிறகு ஃபோன் எடுக்காமல் விடுகிற உறவுகளை நாம் கண்டிருக்கிறோம். காரணத்தைத் தோண்டிப் பார்த்தால் பலநேரம் இந்த எழுதப்படாத வரிதான்.

அங்கே போன பிறகு செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். அன்றன்றைய தொகையைக் காலையில் தனியாக எடுத்து வையுங்கள். கணக்குக் கொப்பியை மூத்த பிள்ளையிடம் கொடுங்கள். கணிதப் பாடத்தில் வீதமும் நாணய மாற்றும் விளங்காத பிள்ளைக்கு ஒரு வாரத்தில் விளங்கும். கார்ட் போடும்போது இயந்திரம் ரூபாவா யூரோவா என்று கேட்டால் யூரோவை அமத்துங்கள், ரூபாவில் காட்டுகிற விலையில் அவர்களுடைய இலாபமும் சேர்ந்திருக்கும். நம் வங்கி வெளிநாட்டுப் பாவனைக்கு எத்தனை வீதம் எடுக்கிறது என்று போக முன்பே கேட்டு அதையும் எழுதுங்கள்.

கடைசியாக, பயணம் போகாமல் ஊரில் இருக்கிற நமக்கும் ஒரு வார்த்தை. "என்ன கொண்டு வந்தீங்க?" என்ற கேள்வியை நாம் விட வேண்டும். 30 வீட்டுக்கு 3 யூரோவில் ஒரு சொக்லட் பை என்றாலும் 90 யூரோ, 32,400 ரூபா. போனவர் பகல் சாப்பாட்டைக் குறைத்து நமக்குச் சொக்லட் வாங்குகிறார். போய் வந்தவரிடம் பொருளைக் கேட்காமல், பார்த்ததைக் கேட்போம். அந்த நகரத்தில் பஸ் எப்படி நேரத்துக்கு வருகிறது, நூலகம் எப்படி இருக்கிறது, நம் ஆட்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்போம். அதுவே ஊருக்குப் பிரயோசனமான சாமான்.

கஞ்சத்தனமும் வேண்டாம், வீண்விரயமும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவே நில்லுங்கள் என்பதுதான் நமக்குச் சொல்லப்பட்ட வழி. நடு எது என்று தெரிய வேண்டுமானால் முதலில் எண் தெரிய வேண்டும். ஆகவே டிக்கட் எடுக்க முதல் ஒரு தாளை எடுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். அதில் மச்சானுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

பாரிஸ் போய் வந்தவர்கள், அங்கேயே இருக்கிற நம் சொந்தங்கள், இந்தக் கணக்கில் கூட்டவோ குறைக்கவோ இருந்தால் கீழே எழுதுங்கள். போக இருக்கிறவர்களுக்கு உதவும். 

வஸ்ஸலாம்.